அளவுக்கு ஓர் ஆள்

நான் இருக்கும் தென் ஜேர்மன் நகரத்தில் உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் வைக்கக்கூடாது. இதை எனக்குச் சொன்னவர் கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஃப்ராவ் லாங். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழே ஓர் அறை உண்டு, கெல்லர் என்பார்கள். மரச்சட்டக் கதவு, ஒரு பூட்டு, வீட்டு இலக்கம் எழுதிய தகடு. உள்ளே இருப்பவை எல்லா வீட்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: கிழங்கு, வைன், பனிச்சறுக்குக் கட்டைகள், கிறிஸ்மஸ் சோடனைப் பெட்டி, வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் சைக்கிள். சனிக்கிழமைகளில் மனிதர்கள் கையில் கூடையோடு, வாய்க்குள் ஏதாவது பாட்டை முணுமுணுத்தபடி, நிலத்துக்குக் கீழே போய்விட்டு வருவார்கள். என் கிழங்கு பல்கனியில் இருந்தது. அது பச்சை பிடித்து முளைவிட்டிருந்ததைக் கீழே நின்று பார்த்த ஃப்ராவ் லாங், உன் கெல்லரில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, வெறுமையாகத்தான் கிடக்கிறது என்றேன். வைப்பதற்கு என்னிடம் பொருள் இல்லை என்று அவர் விளங்கிக்கொண்டார். அடுத்த வாரம் என் கதவடியில் பிளம்ஸ் ஜாம் போத்தல்கள் வரிசையாக நின்றன, பக்கத்தில் அவற்றை அடுக்கிவைக்க ஒரு பழைய இறாக்கையும். நன்றி சொல்லி எடுத்துக்கொண்டேன். ஜாமைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். நிலத்துக்குக் கீழே இறங்குவதற்கு எனக்கு ஒரு காரணம் வேண்டும். ஜாம் அப்படியொரு காரணமாகத் தெரியவில்லை. அதை அவருக்குச் சொல்ல என் ஜேர்மன் போதும், ஆனால் வாய் வரவில்லை.

காரணமில்லாமல் நிலத்துக்குக் கீழே இறங்காத இந்தப் பழக்கத்தை அலுவலகத்தில் யாரும் அறியமாட்டார்கள். நான் ஒரு நில அளவை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். கட்டடங்களையும் பாலங்களையும் லேசரால் வருடி, கணினிக்குள் அவற்றைப் புள்ளிகளாக அடுக்குவது என் தொழில். வருடத்துக்கு ஒருமுறை எல்லோருமாக எங்காவது ஒருநாள் போய்வருவோம். சென்ற வருடம் போன இடம் ஒரு குகை. எங்கள் நகரத்திலிருந்து அதிக தூரமில்லை. சுண்ணாம்புக்கல் மலைச்சரிவில், பனிக்கால மனிதர்கள் வாழ்ந்த இடம். அடிவாரத்தில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம்.

வெளியே வெயில். குகை வாயை நெருங்கியதும், யாரோ குளிர்சாதனப் பெட்டியைத் திறந்ததுபோல் உள்ளிருந்து காற்று வந்து முகத்தில் பட்டது. உள்ளே அகழ்ந்த இடத்தைச் சதுரம் சதுரமாக நூல்கட்டிப் பிரித்திருந்தார்கள். வெட்டிய மண்சுவரில் படைகள் தெரிந்தன: களிமண், சாம்பல், மறுபடி களிமண், உடைந்த சுண்ணாம்புக் கற்கள். ஒவ்வொரு படையிலும் ஒரு சிறு அட்டை குத்தியிருந்தது. என் தொழிலுக்கு இது பிடித்த காட்சி. எந்தக் கரித்துண்டும் தான் கிடந்த இடத்தின் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று அளவுகள் இல்லாமல் வெளியே வந்ததில்லை. பிறகு அருங்காட்சியகத்தில் அப்படி ஒரு கரித்துண்டையே பார்த்தேன். கறுத்த துணியில், கீழிருந்து வெளிச்சம் போட்டு, நகைக்கடையில் வைப்பதுபோல் வைத்திருந்தார்கள். அதே வரிசையில் குதிரைப் பல், எலும்பு ஊசி, துளையிட்ட ஒரு மணி, ஒன்றுக்கும் உதவாமல் உடைந்துபோன கல்லலகுகள். கடைசி அறையில் ஒரு மெழுகுப் பெண் நெருப்படியில் முழங்காலை மடக்கிக் குந்தியிருந்தாள். அவள் பக்கத்தில், உயரம் காட்டுவதற்காக, சிவப்பும் வெள்ளையும் பூசிய ஓர் அளவுகோல் நின்றது.

எங்களுக்கு விளக்கம் சொன்ன இளைஞன் நன்றாகப் பேசினான். இங்கே நீங்கள் பார்ப்பதெல்லாம் அவர்கள் எறிந்தவையும் தொலைத்தவையும்தான், பெறுமதியானதை எவரும் விட்டுவிட்டுப் போவதில்லை என்றான். எங்களோடு வேறொரு குடும்பமும் சேர்ந்திருந்தது. அதில் ஒரு சின்னப் பெண் கையை உயர்த்தி, இவர்கள் கக்கூசுக்கு எங்கே போனார்கள் என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு முகம் சிவந்தது. தெரியாது, அது மிச்சம் எதையும் வைத்துவிட்டுப் போவதில்லை, பிள்ளைகள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள் என்றான். நானும் சிரித்தேன். பின்னால் வரப்போவதற்காக, அதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிறகு, குகைகளில் வழக்கமாகச் செய்வதுபோல, எங்களை மறுபடி குகைக்குள் ஆழத்துக்குக் கூட்டிப்போய்க் கற்களில் இருத்தி, விளக்கை அணைத்தான். அந்தக் காலத்து இருட்டு எப்படி இருந்தது என்று உணரட்டுமாம். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது. நான் பயப்படவில்லை. என் உடம்பு மட்டும் தன் பாட்டில் ஒரு வேலை செய்தது: காலைச் சுருக்கி, இடுப்பை நகர்த்தி, வலப்பக்கம் ஒதுங்கியது. வெளிச்சம் வந்தபோது எனக்கும் சக ஊழியை கத்ரினுக்கும் நடுவே ஓர் ஆள் இருக்கும் இடம் வெறுமையாக இருந்தது. பயமா என்று அவள் கேட்டாள். இல்லை, எங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தது என்றேன். அவளுடைய கண்கள் விரிந்தன. வீட்டுக்குள்ளேயே குகையா, எவ்வளவு அழகு, ஓவியங்களும் இருக்கின்றனவா என்று கேட்டாள். ஓவியங்கள் இல்லை என்றேன். அதற்குமேல் நான் விளக்கவில்லை. விளக்காததற்காக வெட்கப்படவும் இல்லை, அப்போது. உண்மையைச் சொன்னால் ஒரு பெருமை வந்தது. இவர்களுக்கெல்லாம் கண்ணாடிக்குள் இருக்கும் ஒன்று எனக்கு வீட்டு வளவுக்குள் இருக்கிறது என்ற பெருமை.

எங்கள் வளவு வன்னியில், நெடுங்கேணியிலிருந்து உள்ளே போகும் கிறவல் றோட்டில், காடு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் சேர்ந்து அந்தப் பங்கரை வெட்டினார்கள். நேராக வெட்டக்கூடாது, வாசலால் வரும் ஷெல் துண்டு உள்ளே இருப்பவர்களில் படாமலிருக்க ஒரு முடக்கு வேண்டும். மேலே பாலை மரக்குற்றிகள், அதற்கு மேல் பொலித்தீன், அதற்கு மேல் வெட்டிய மண். யார் எங்கே இருப்பது என்று ஓர் ஒழுங்கும் இருந்தது. வாசலடியில் அப்பா. அடுத்தது அம்மா. முடக்கில் நான். எனக்கும் உள்ளே, கடைசியில், அக்கா. அக்கா என்னைவிட நன்றாக மூத்தவள், அப்போது பெரியபிள்ளையாகி இருந்தாள். நான் காலைச் சுருக்கி வலப்பக்கம் ஒதுங்கினால்தான் அவளுக்கு முழங்கால் மடக்க இடம் வரும். பிறகு சண்டை நெருங்க, அந்த வளவை விட்டுக் கிழக்கே போனோம். அங்கே இருந்த பங்கர்களைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. திரும்பி வந்தபோது அப்பா எங்களோடு இல்லை. மரக்குற்றிகளை யாரோ கொண்டுபோயிருந்தார்கள். கூரை இடிந்து, பங்கர் ஒரு கிடங்காகப் புல் பிடித்துக் கிடந்தது. சில வருடங்களில் அம்மாவும் நீரிழிவோடு போய்ச் சேர்ந்தார். நான் உயர்தரம் முடித்துப் படிக்க வெளியே வந்தேன். அக்கா அந்த வளவிலேயே கலியாணம் செய்து, வயல் செய்து, இருக்கிறாள்.

அத்தான் கனகராயன்குளத்தில் பிறந்தவர். அவருடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். எங்களுடைய பேச்சு அவருக்கும் வரும், அவருடைய வீட்டுப் பேச்சும் நடுவே கலக்கும். நான் குகைக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னர்தான் அக்கா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: அந்தக் கிடங்கைத் துப்புரவாக்கி இன்னும் கொஞ்சம் ஆழமாக்கி, சீமெந்து வளையம் இறக்கி, வீட்டோடு ஒரு புதுக் கக்கூசு கட்டப்போகிறார்கள். வெட்டிய கிடங்கு சும்மா கிடக்க, ஏன் இன்னொன்றை வெட்டவேண்டும் என்பது அத்தானுடைய யோசனை. நல்லது என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போயிருந்தேன். குகையால் திரும்பும்போது பஸ்ஸில் அது நினைவுக்கு வந்தது. அடுத்த நாளே அக்காவுக்கு எடுத்தேன். நான் வரும்வரைக்கும் அந்தக் கிடங்கில் ஒருவரும் கைவைக்கக்கூடாது, முறையாக அளந்து பதிவுசெய்ய வேண்டும், இந்த நாடுகளில் கரித்துண்டையே கண்ணாடிக்குள் வைக்கிறார்கள் என்று அரைமணித்தியாலம் பேசினேன்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “நீ எப்ப வாறாய்?” என்றாள்.

“தை கடைசியிலை.”

“அதுக்குள்ளை மாரி வந்திடுமேயடி.”

மழைக்கு ஒன்றும் ஆகாது, மேலே ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டுங்கள் என்றேன். கிடங்கைப் பற்றித்தான் அவள் கேட்கிறாள் என்று நினைத்தேன். சரி என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கதைத்தோம். ஒவ்வொரு முறையும் நான் தறப்பாளைப் பற்றிக் கேட்டேன். அவளுடைய முழங்காலைப் பற்றியும் கேட்டேன்; முந்திய வருடம் சைக்கிளால் விழுந்து, இடது முழங்காலுக்குள் கம்பி வைத்திருந்தார்கள். பரவாயில்லை என்பாள். தறப்பாளும் பரவாயில்லை, முழங்காலும் பரவாயில்லை. இரண்டுக்கும் ஒரே குரல்.

தை கடைசியில் போனேன். வவுனியாவிலிருந்து பஸ், நெடுங்கேணிச் சந்தியில் அத்தான் மோட்டார் சைக்கிளோடு நின்றார். வளவுக்குள் போனதும் பயணப்பையைக்கூட இறக்காமல் கிடங்கடிக்குத்தான் போனேன். நீலத் தறப்பாள் நான்கு பக்கமும் தடியில் இழுத்துக் கட்டியிருந்தது. சுற்றிவரச் சிறு வாய்க்கால் வெட்டி வெள்ளத்தை வேலிப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். மாரி முழுக்கப் பெய்தும் உள்ளே மண் காய்ந்திருந்தது. நானே நின்று செய்வித்திருந்தாலும் இவ்வளவு நேர்த்தியாக வந்திராது. சுற்றியிருந்தவற்றை வழக்கம்போல் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்: வடக்கே வேம்பு, மேற்கே குசினிச் சுவர், தெற்கே கொடி படர்ந்த சீமெந்து வளைய அடுக்கு, அதன்மேல் சாக்கில் சுற்றிய ஏதோவொரு பொருள். குறித்தேன், யோசிக்கவில்லை.

அன்று பின்னேரம் தூறியது. நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கருவிகளின் பற்றரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கையில் குடையும் மறுகையில் பொல்லுமாக முற்றத்தில் இறங்கினாள். பின்னால் அத்தான் ரோர்ச் லைற்றோடு போனார். பழைய கக்கூசு கிணற்றுக்கும் அப்பால், காட்டு வேலியடியில். அந்தப் பக்கம் யானை வருமாம், தனியாகப் போகமுடியாதாம். சேற்றில் பொல்லை ஊன்றி, ஊன்றியதை இழுத்தெடுத்து, மறுபடி ஊன்றி அக்கா போனாள். மனைவிக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு போகும் கணவன். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. கத்ரினுக்குக் குகை அழகாகத் தெரிந்தது போல.

மறுநாள் காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். தறப்பாளைக் கழற்றினோம். நூல் கட்டினேன், அளவுநாடா விரித்தேன், மூலையில் சிவப்பு வெள்ளைக் கோலை நாட்டினேன். சின்னத் தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டிப் படை பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் படலையடியில் ஆள் அரவம். பக்கத்து வளவுச் செல்லத்துரை அண்ணை. அப்பாவோடு சேர்ந்து இந்தப் பங்கரை வெட்டியவர். சேட்டுப் போட்டு, தலை சீவி, கையில் ஒரு பொலித்தீன் பையோடு வந்திருந்தார். என்னை அடையாளம் கண்டபிறகும் அவருடைய கண் அந்தக் கோலை விட்டு அகலவில்லை. எங்கே இருந்து அளக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை, எனக்காகத்தான் என்றேன். அவர் நம்பவில்லை. பைக்குள் இருந்து தன் காணிப் பேமிற்றை, அரசாங்கம் காணிக்குக் கொடுத்த பத்திரத்தை, எடுத்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாக, ஓரம் கறையான் தின்று. தன்னுடைய காணியில் பழங்கல், பழஞ்சட்டி ஒன்றும் இல்லை என்றும், கிணறு வெட்டியபோதே எல்லாம் பார்த்தாயிற்று என்றும் சொன்னார். அத்தான் அவரைத் தோளில் பிடித்துக் கூட்டிப்போய்த் தேத்தண்ணி கொடுத்தார். பிறகு என்னிடம் தணிந்த குரலில் விளக்கினார். இந்தப் பக்கத்தில் இப்படிக் கோலும் நூலுமாக ஆட்கள் வந்தால், பிறகு தொல்பொருள் திணைக்களத்தின் பலகை ஒன்று வரும்; பலகை வந்தால் அந்த மண்ணில் ஒருவரும் மண்வெட்டி வைக்கமுடியாது. செல்லத்துரை அண்ணைக்கு மாத்திரமல்ல, றோட்டுக்கு அங்கால் உள்ளவர்களுக்கும் கதை போய்விட்டதாம்.

“கெதியா முடிச்சிடுங்க மச்சாள்,” என்றார். “பங்கருக்கு டிக்கெட் விக்கப்போறீங்கன்னு ஒரு கூட்டம் சொல்லுது. காணிய எடுக்க வந்திருக்கீங்கன்னு இன்னொரு கூட்டம் சொல்லுது. டிக்கெட்டுன்னா எனக்குப் பரவால்ல, நானே கேட்ல நிப்பேன்.”

எனக்கு முகம் சுட்டது. ஜேர்மனியில் அந்தக் கோலை எங்கே நாட்டினாலும், போகிறவர்கள் நின்று புதுப்பாலம் வரப்போகிறதா என்று ஆசையோடு கேட்பார்கள். அளப்பது என்றால் அங்கே ஏதோ வரப்போகிறது என்று பொருள். இங்கே ஏதோ போகப்போகிறது. இதே மண்ணில் பிறந்து, இதே றோட்டால் பள்ளிக்கூடம் போன எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கோலைப் பிடுங்கி வீட்டுக்குள் வைத்தேன். ஆனால் வேலையை நிறுத்தவில்லை. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. உயரம் காட்டுவதற்குக் கோல் இல்லாவிட்டால் ஓர் ஆளை வைக்கலாம். எங்கள் தொழிலில் அது வழக்கம்தான்.

கிடங்குக்குள் கிடைத்தவற்றை ஒரு சுளகில் பரப்பியிருந்தேன். ஒரு பாதிச் சீப்பு, சோடாப் போத்தல் மூடி, பொலித்தீன் துண்டுகள், அம்மாவுடையதாக இருக்கக்கூடிய ஒரு சேலைக் கரை, பால்மா அடைத்து வரும் தகரப் பேணி ஒன்று. பேணியை எடுத்து அக்காவுக்குக் காட்டினேன். பால்மா குடித்தோமா இதற்குள் என்று கேட்டேன். அவள் பேணியையும் என்னையும் பார்த்துவிட்டு, இல்லை என்று மட்டும் சொன்னாள். அதையும் நான் குறித்துக்கொண்டேன். பிறகு அவளை உள்ளே இறங்கச் சொன்னேன். அப்பா வெட்டிய படிகளில் இரண்டு இன்னும் இருந்தன. அத்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். முடக்குக்கு அங்கால், தன்னுடைய இடத்துக்கு, யாரும் காட்டாமலே போய் நின்றாள்.

“அந்த நேரம் எப்பிடி இருந்தனீங்களோ அப்பிடியே இருங்கோ அக்கா,” என்றேன்.

அவள் முழங்காலை மடக்கிக் குந்தினாள். முதலில் வலது, பிறகு இரண்டு கையாலும் பிடித்து இடது. தாடையை முழங்காலில் வைத்தாள். நான் கருவியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடந்தேன். ஆடவேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். திரையில் மண்சுவர் புள்ளி புள்ளியாக எழும்பி வந்தது, நடுவே அக்கா. அந்த மெழுகுப் பெண்ணும் இதே மாதிரித்தான் இருந்தாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. அந்த ஒப்புமை எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது. அருங்காட்சியகத்தில் செய்வதுபோல ஒரு குரல்பதிவும் வேண்டுமென்று, இதற்குள் இருந்தபோது என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். “உண்மையைச் சொல்லவோ, உன்ரை மியூசியத்துக்குச் சொல்லவோ?”

“உண்மையை.”

“எனக்கு வெளிக்குப் போகவேணும் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். வேறை ஒண்டுமில்லை. ஷெல் நிக்கவேணும் எண்டு கும்பிட்டதும் அதுக்குத்தான், உயிருக்கில்லை. வாசல்லை அப்பா. நான் வளந்த பிள்ளை, அப்பாவைத் தாண்டி எப்பிடிப் போறது? நீ சின்னன், உனக்கு அம்மா அந்தப் பேணியைத் தந்தவா. எனக்கு ஆர் தாறது? அடக்கிக்கொண்டு இருந்தனான். பயமெல்லாம் உங்களுக்குத்தான். எனக்குப் பங்கர் எண்டால் அதுதான்.”

சுளகில் இருந்த பேணியை நான் பார்க்கவில்லை. அருங்காட்சியகத்தில் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்தது மட்டும் காதுக்குள் கேட்டது. அந்தச் சின்னப் பெண் கேட்ட கேள்விக்குப் பதில் என் கையில் இருந்திருக்கிறது, நானோ அதற்குப் பால்மா என்று பெயர் எழுதிவைத்திருக்கிறேன்.

அக்கா கையை நீட்டினாள். “தூக்கிவிடு. மடக்கினால் நிமிராது.”

நானும் அத்தானும் சேர்ந்துதான் தூக்கினோம். வலியில் அவளுடைய உதடு வெளுத்திருந்தது. அத்தான் அவளைச் சீமெந்து வளையங்களின் ஓரத்தில் இருத்தினார். சாக்குக் கட்டு சரிந்து, உள்ளே இருந்த வெள்ளைப் பொருள் தெரிந்தது. கொமட். குந்தத் தேவையில்லாமல் கதிரைபோல் இருக்கும் கக்கூசு. சாக்குக்குள் ஒரு மாரி முழுக்க இருந்ததில் அதன் மூடியில் பூஞ்சணம் பிடித்திருந்தது. முழங்காலுக்குள் கம்பியோடு ஒருத்தி, யானை வரும் வேலியடிக்கு, சேற்றில், மழையில் போய்க் குந்தி எழும்பியிருக்கிறாள். வீட்டிலிருந்து பத்தடியில், தறப்பாளுக்குக் கீழே, என்னுடைய கிடங்கு நனையாமல் இருந்திருக்கிறது.

“அப்ப மாரி வந்திடுமே எண்டு கேட்டது…” என்று தொடங்கினேன்.

“ஐப்பசிக்குள்ளை முடிச்சிருப்பம்,” என்றாள் அக்கா. கோபமாக இல்லை.

“ஏன் அக்கா சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? நீ ஃபோனிலை எவ்வளவு பெரிய விசயம் கதைச்சுக்கொண்டிருந்தனீ. அதுக்குள்ளை நான் கக்கூசுக் கதை கதைக்கிறதே?” சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அத்தானும் சிரித்தார். என்னைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்வதற்காக அவர் ஒரு கதையும் சொன்னார். அவருடைய ஆட்கள் இருந்த தோட்டத்தில் பழைய தேயிலை ஆலை இப்போது ஹொட்டேலாம். வருகிறவர்கள் கொழுந்து பறிப்பவர்களைக் கூடையோடு வரிசையாக நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார்களாம். “நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்ல மச்சாள். கொஞ்ச நேரம் சும்மா நிக்கலாம்ல,” என்றார். அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குத்துகிறது.

இதை வாசிக்கும் என்னைப் போன்ற வெளிநாட்டுக்காரருக்கு ஒன்று சொல்ல நினைத்தேன். எழுதிப் பார்த்தால் அறிவுரை போல் வருகிறது. அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை. எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். நாங்கள் எறிந்துவிட்டு வந்தவை அங்கே இருப்பவர்களுக்குக் குப்பையல்ல, நினைவுச்சின்னமும் அல்ல; பெரும்பாலும் அது அவர்களுக்கு வேலைக்கு வேண்டிய இடம். தூரத்தில் இருந்து ‘தொடாதே’ என்று சொல்வது எனக்குச் சுகமாக இருந்தது. சொன்னால் கேட்பார்கள் என்பதும் தெரிந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் தங்கச்சி சொல்லுக்கு வீட்டில் இருக்கும் மரியாதையை நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

அன்றே நூலை அவிழ்த்தேன். அடுத்த நாள் அத்தானும் செல்லத்துரை அண்ணையும் கிடங்குக்குள் இறங்கினார்கள். அண்ணை தான் வெட்டியதைத் தானே மறுபடி வெட்டுகிறேன் என்று சொல்லிச் சொல்லி, அப்பா அந்தக் காலத்தில் மண்ணைத் தன் பக்கம் அள்ளி எறிந்த கதையெல்லாம் எடுத்துவிட்டார். முடக்கு இருந்த இடம் மண்வெட்டியின் இரண்டு வெட்டுக்குக்கூட நிற்கவில்லை. கொடிகளை இழுத்தெறிந்து வளையங்களைக் கயிறுகட்டி இறக்கி, மேலே சீமெந்துத் தட்டுப் போட்டு, குசினிச் சுவரோடு கக்கூசு அறையை எழுப்பினார்கள். நான் செய்தது குழாய்க்குச் சரிவு பார்த்தது. மட்டம் பிடித்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். என் படிப்பு அந்த வளவில் முதல்தடவை உபயோகப்பட்டது அதற்குத்தான். நான் புறப்படும் முன்னரே கதவும் பொருத்தியாயிற்று. நீலப் பெயின்ற் இன்னும் காயவில்லை. அக்கா உள்ளே போய் வந்தாள். நேரே குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டாள். அன்று மட்டும் சீனி கூட.

திரும்பி வந்தபிறகு அந்தப் பதிவை ஒருமுறைதான் திறந்தேன். மண்சுவர், படிகள், முடக்கு எல்லாம் துல்லியமாக வந்திருக்கின்றன. அக்கா வரவில்லை. ஆடவேண்டாம் என்று நான் சொல்லியும் வலியில் அசைந்திருக்கிறாள் போலும். அசைந்த பொருளைக் கருவி புகைபோல் ஆக்கிவிடும். ஒரு தோள் இருக்கிறது, பொத்திய கை இருக்கிறது, முகம் இருக்கவேண்டிய இடத்தில் சிதறிய புள்ளிகள். வேறு யாருடைய வேலையாக இருந்தாலும், ஆளைத் துடைத்துவிட்டுக் கிடங்கை மட்டும் சேமித்திருப்பேன். கத்ரின் ஒருநாள் ஊர்க்குகையின் படம் இருக்கிறதா என்று கேட்டாள். அது இப்போது கக்கூசு என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். அந்தமுறை நான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன்.

போன சனிக்கிழமை கிழங்குப் பையையும் ஃப்ராவ் லாங்கின் ஜாம் போத்தல்களையும் எடுத்துக்கொண்டு கெல்லருக்கு இறங்கினேன். அவர் தந்த இறாக்கையைச் சுவரோடு நிறுத்தி ஒவ்வொன்றாக அடுக்கினேன். கீழே விளக்கு தானாகவே அணைந்துவிடும், இந்தக் கட்டடங்களின் சிக்கனம் அப்படி. கடைசிப் போத்தலை வைக்கும்போது அணைந்தது. கையெட்டும் தூரத்தில்தான் சுவிச். எனக்கு அது தெரியும். அதற்குள் நான் இறாக்கையோடு ஒட்டி, காலைச் சுருக்கி, வலப்பக்கம் ஒதுங்கி நின்றுவிட்டேன். ஒதுங்கி விட்டுக்கொடுத்த இடத்தில் ஒருவரும் இல்லை. இங்கே காலை என்றால் அங்கே மதியம் திரும்பிய நேரம். பங்கர் இருந்த இடத்துக்கு மேலே போட்ட சீமெந்துத் தட்டில், வெயில் சூட்டில், அக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்பாள்.